மந்திரவாதியை ஆட்டிவைத்த பல்

மலைகளெல்லாம் ஒரு காலத்தில் கால் போன போக்கில் நடந்து திரிந்து, முழங்கால் வலி தாங்காமல் ஆளுக்கொரு இடத்தில் உட்கார்ந்துவிட்டன அல்லவா, அதற்குக் கொஞ்சம் பின்னால் நடந்தது இது.

மாதுளம்பட்டணம் என்று ஒரு நாடு. அந்த நாட்டில் கத்தரிக்காய் யானைக் காது அகலத்துக்குக் காய்க்கும். ஒரு வீட்டில் குழம்பு வைத்தால் ஒரு தெருவே கை கழுவிக்கொண்டு வந்து உட்காரும். மாதம் மூன்று மழை பெய்யும், அதுவும் துணி காயப்போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெய்யும். ராஜா நல்லவர், கொஞ்சம் குண்டு, மீசை மட்டும் இரண்டு முழம்.

இப்படி ஒரு நாடு இருந்தால் அதன்மேல் ஒரு கெட்ட கண் விழாமல் இருக்குமா? விழுந்தது. கோரதந்தன் என்ற மந்திரவாதியின் கண்.

இந்தக் கோரதந்தன் பிறக்கும்போதே வாய் நிறைய முப்பத்திரண்டு பல்லோடு பிறந்தவன். பிறந்த உடனே மருத்துவச்சியின் விரலைக் கடித்துவிட்டான். அவள் போட்ட கூச்சலில் மூன்று கிராமம் காலி. பிறகு யார் அவனைத் தூக்குவார்கள்? குகையில் இருந்த ஒரு சூனியக்காரன் எடுத்துப்போய் வளர்த்தான். கூட விளையாட ஒரு குழந்தை கிடையாது, மண்டை ஓடுகள்தான். அவன் மந்திரம் படித்தான், தந்திரம் படித்தான், உலகத்தில் உள்ள அத்தனை சுவடியையும் படித்தான். குழந்தை என்றால் என்ன என்று மட்டும் படிக்கவில்லை. எந்தச் சுவடியிலும் அது இல்லை.

ஒருநாள் காலை மாதுளம்பட்டணத்து அரண்மனை வாசலில் வந்து நின்றான். இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினான்.

“அக்கடா புக்கடா, அடங்கடா மடங்கடா!”

அவ்வளவுதான். ராஜா பூசணிக்காய் ஆகிவிட்டார். திருஷ்டி கழிக்க மூஞ்சி வரைந்து கட்டுவார்களே, அந்த மாதிரிப் பூசணிக்காயாக அரண்மனை வாசலில் தொங்கினார். மீசையை யாரும் வரையவில்லை. அது ராஜாவின் சொந்த மீசை.

கோரதந்தன் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் பயம் வந்தது. தன் உயிரை எங்கே ஒளித்து வைப்பது?

அவனும் கதை கேட்டு வளர்ந்தவன்தானே! அவனுக்கு முன்னால் இருந்த மந்திரவாதிகள் என்ன செய்தார்கள்? ஒருவன் உயிரைக் கிளிக்குள் வைத்தான். ஒரு ராஜகுமாரன் வந்து கிளியின் கழுத்தைத் திருகினான். ஒருவன் வண்டுக்குள் வைத்தான். ஒரு மரவெட்டி வந்து வண்டை நசுக்கினான். ஒருவன் மீனுக்குள் வைத்தான். அதைப் பிடித்துக் குழம்பே வைத்துவிட்டார்கள்.

“முட்டாள்கள்! நல்லவன் என்பவன் கிளியைக் கொல்வான், வண்டைக் கொல்வான், மீனைக் கொன்று புளியும் கரைத்து ஊற்றுவான். எதைத் தொடமாட்டான்?” என்று தன்னையே கேட்டுக்கொண்டு, தானே பதிலும் சொன்னான். “பச்சைக் குழந்தையைத் தொடமாட்டான். என் உயிருக்கு நல்லவர்களே காவல்!”

அவன் சிரித்த சிரிப்பில் அரண்மனைப் புறாக்கள் பறந்தன.

அரண்மனைக்கு எதிர்த் தெருவில் பூங்காவனம் என்று ஒரு பலகாரக்காரி. முறுக்கு சுடுவாள், பொரிவிளங்காய் உருண்டை பிடிப்பாள். ஆனால் ஊரே மயங்கியது அவளுடைய கமர்கட்டுக்குத்தான். வெல்லப் பாகில் தேங்காய்ப் பூவைப் போட்டுக் கிளறி உருட்டிய கமர்கட்டு. காலையில் வாயில் போட்டால் உச்சி வெயிலுக்குத்தான் கரையும். அவள் புருஷன் வேலப்பன் பல்லக்குத் தூக்கி. தோள் ஒவ்வொன்றும் திண்டு மாதிரி. அவர்களுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, செவந்தி. கீழ் ஈறில் அரிசி மாதிரி ஒரே ஒரு பல் அன்றைக்குத்தான் எட்டிப் பார்த்திருந்தது.

கோரதந்தன் நேரே அந்த வீட்டு முற்றத்தில் வந்து நின்றான். “குழந்தையைக் கொடு.”

“எதுக்கு?” என்றான் வேலப்பன்.

“கேள்வியா கேட்கிறாய்?”

“எம் புள்ளை. நான் கேக்காம எதிர் வீட்டுக்காரனா கேப்பான்?” என்று கையை ஓங்கினான் வேலப்பன்.

“அக்கடா புக்கடா, அடங்கடா மடங்கடா!”

ஓங்கிய கை ஓங்கியபடியே இருக்க, வேலப்பன் கல்லாகிவிட்டான். முற்றத்தின் நடுவில், கருங்கல்லாக. பூங்காவனம் ஓடிவந்து அந்தக் கல் மார்பில் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை.

கோரதந்தன் குழந்தையின் வாயைத் திறந்தான். அந்த ஒற்றைப் பல்லைப் பார்த்தான். “ஆகா! உடம்பு எரிந்தாலும் பல் எரியாது. எலும்பு மக்கினாலும் பல் மக்காது. இதைவிட நல்ல பெட்டி எனக்குக் கிடைக்குமா?” என்று சொல்லி, தன் உயிரை நீல நிறப் புகையாக ஊதி அந்தப் பல்லுக்குள் வைத்துவிட்டான்.

“கேட்டுக்கொள் பலகாரக்காரி. இந்தப் பல் இந்த வாயில் இருக்கும்வரை எனக்குச் சாவில்லை, என் மந்திரத்துக்கும் முறிவில்லை. உன் புருஷன் கல், ராஜா காய், நான் சக்கரவர்த்தி!”

அப்போது பூங்காவனத்துக்கு என்ன தோன்றியது தெரியுமா? அழுகை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கண் நிறைந்துவிட்டது. அந்த அழுகைக்கு நடுவில், குபுக்கென்று ஒரு சிரிப்பு. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

பின்னே என்ன? அது பால் பல்! ஆறு வயதானால் தானாக ஆடும், தானாக விழும். சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம், வேறு முளைக்கும். ஊர் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பிறக்கும்போதே முப்பத்திரண்டோடு பிறந்தவனுக்குத்தான் தெரியவில்லை.

ஆறு வருஷம். ஆறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், புருஷன் திரும்பிவிடுவான். முந்தானைக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டாள் பூங்காவனம்.

கோரதந்தன் குழந்தையை அரண்மனைக்கே தூக்கிப்போனான். ஒரே ஒரு நாள்தான். அழுதது பாருங்கள் செவந்தி! மூன்று தூண் விரிசல் விட்டது. மறுநாள் பொழுது விடிந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அவனே திருப்பி அனுப்பிவிட்டான். அதற்குப் பதிலாக ஊர் முழுக்க ஈக்களை ஏவினான். எல்லாம் ஒற்றர் ஈக்கள். யார் என்ன பேசினாலும் ரீங்காரம் போட்டுக்கொண்டு போய் அவன் காதில் சொல்லிவிடும். பிறகு தண்டோராவும் போட்டான்: “சக்கரவர்த்தியின் உயிர் பலகாரக்காரி மகளுக்குள் இருக்கிறது. துணிந்தவன் வந்து எடுத்துக்கொள்ளலாம்!” பல் என்று மட்டும் சொல்லவில்லை. அது அவனுக்கும் பூங்காவனத்துக்கும் நடுவில் இருந்தது.

கெட்டவனால் வந்த கஷ்டம் இதுவரை சொன்னது. இனி நல்லவரால் வந்த கஷ்டத்தைக் கேளுங்கள்.

மந்திரி அறவாழியார் தங்கமான மனுஷர். ஒரு எறும்பு குறுக்கே போனால் நின்று வழிவிடுவார். அரண்மனையில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் கோரதந்தன் அவரை மந்திரியாகவே வைத்துக்கொண்டான். அந்த அறவாழியார் ஒருநாள் பூங்காவனம் வீட்டுக்கு வந்தார்.

முதல் தடவை வாதத்தோடு வந்தார்.

“தாயி, நான் சொல்றதைக் கோபப்படாம கேக்கணும். ஒரு பக்கம் ஒரு உயிர். இன்னொரு பக்கம் லட்சம் உயிர். தராசுல வெச்சுப் பாரு.”

பூங்காவனம் அடுப்பில் வெல்லப் பாகைக் கிளறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சுற்றிலும் ஈ. “ஐயா, பாகு இன்னும் பதத்துக்கு வரல. போயிட்டு வாங்க.”

இரண்டாவது தடவை தொட்டிலோடு வந்தார். பொன் தொட்டில். “ராணியம்மா கொடுத்தனுப்பினாங்க. உனக்கு வயசிருக்கு தாயி. இன்னொரு குழந்தை…” என்று ஆரம்பித்தவர், முற்றத்தில் கை ஓங்கி நின்ற கல்லைப் பார்த்தார். முகம் சிவந்துபோய் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

“ஐயா, பாகு இன்னும் பதத்துக்கு வரல. போயிட்டு வாங்க.”

மூன்றாவது தடவை கத்தியோடு வந்தார். சால்வைக்குள் அதன் பிடி தெரிந்தது. உச்சி வெயில். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எறும்புக்கு வழிவிட்டவர், கத்தியோடு தொட்டிலைப் பார்த்து நின்றார். மந்திரவாதியின் முன்னாலேயே சிரிப்பை அடக்கி நின்றவள் பூங்காவனம். அன்றைக்குத்தான் அவள் பாகைக் கிளறுவதை நிறுத்தினாள். கெட்டவன் குழந்தையைக் காப்பாற்றி வைக்கிறான், நல்லவர் வெட்ட வந்திருக்கிறார்! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

சட்டென்று அடுப்பிலிருந்த பாகுச் சட்டியைத் தூக்கினாள். முற்றத்துக் கல் பலகையில் அவ்வளவு பாகையும் கொட்டினாள். அவ்வளவுதான், ஊரிலிருந்த ஒற்றர் ஈயெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து அதில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது எழுந்திருக்கவில்லை.

“ஐயா, சீக்கிரம் சொல்லுங்க. உங்க பேத்திக்கு என்ன வயசு?”

“ஏழு” என்றார் அறவாழியார், ஒன்றும் புரியாமல்.

“முன் பல்லு இருக்கா?”

“எங்கே இருக்கு? போன வருஷமே விழுந்து, நான்தான் சாணியில உருட்டிக் கூரைமேல…”

“அந்தப் படுபாவி உயிரை வெச்சிருக்கிறது எம் பொண்ணு உடம்புல இல்ல ஐயா. அந்த ஒத்தப் பல்லுல.”

அறவாழியார் வாய் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை. கத்தி கீழே விழுந்தது. அப்புறம் அந்தப் பெரிய மனுஷர், எட்டு சாஸ்திரம் படித்தவர், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தொட்டில் பக்கம் போய், தூங்கும் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பூங்காவனம் பக்கம்.

வருஷா வருஷம் ஆவணியில் கோரதந்தன் பல்லைப் பார்க்க வருவான். செவந்தியின் வாயைத் திறந்து நகத்தால் தட்டுவான். டிங்! “ஆகா, உறுதி!” என்பான், போய்விடுவான்.

பூங்காவனத்துக்கு இருந்த ஒரே பயம், தெருவில் இருக்கும் ஓட்டைப் பல் பிள்ளைகளை அவன் பார்த்துவிடக்கூடாதே என்பதுதான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். அவன் வருகிற அன்றைக்குத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கமர்கட்டு கொடுப்பாள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளை வாய் திறக்க வேண்டுமே!

“இந்த ஊர்ப் பிள்ளைகள் ஊமையா?” என்று கேட்டான் கோரதந்தன்.

“தங்களைப் பார்த்த பயம், சக்கரவர்த்தி” என்றார் அறவாழியார். கோரதந்தனுக்கு உச்சி குளிர்ந்தது.

நாலு வருஷம் இப்படி ஓடியது. ஐந்தாவது வருஷம் எண்ணெய்க்காரர் மகள் ஒருத்தி, கமர்கட்டை ஆசையாகக் கடித்து இழுத்தாள். அவன் கண் எதிரே, பல் கமர்கட்டோடு வந்துவிட்டது.

கோரதந்தன் அலறினான். “என்ன அது? பலகாரக்காரி, என்ன நடந்தது?”

“கமர்கட்டைக் கடிச்சா, பல்லு வந்துடுச்சு சாமி” என்றாள் பூங்காவனம். நடந்ததைத்தானே சொன்னாள்!

அன்று மாலையே தண்டோரா. மாதுளம்பட்டணத்தில் இனிமேல் கடக்கு முடக்கு என்று சத்தம் வருகிற எதையும் யாரும் தின்னக்கூடாது. முறுக்கு கூடாது. கரும்பு கூடாது. வறுத்த கடலை கூடாது. பொரிவிளங்காய் உருண்டையை ஆயுதங்களோடு சேர்த்துப் பூட்டி வைத்தார்கள். ஊரே களியும் கஞ்சியும் குழைந்த சோறுமாக விழுங்கியது. அப்பளத்தைக்கூட ஊறவைத்துத்தான் தின்னவேண்டும். கல்யாண வீடுகளில் சாப்பிடுகிற சத்தமே இல்லாமல் துக்க வீடு மாதிரி இருந்தது. பாவம், பூங்காவனம் கமர்கட்டுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டுக் களி கிண்டினாள்.

செவந்தி வளர்ந்தாள். முற்றத்துக் கல்தான் அப்பா என்று அம்மா சொல்லியிருந்தாள். அதனால் எதுவாக இருந்தாலும் கல்லிடம்தான் போய்ச் சொல்வாள். ஓங்கிய கையைப் பிடித்துத் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். வெயிலில் சூடாக இருந்தால், “அப்பாவுக்குக் காய்ச்சல்” என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள்.

ஆறாவது வருஷம், ஆடி மாதக் கடைசி. ஒருநாள் செவந்தி தோளில் உட்கார்ந்து நாக்கால் எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். “அம்மா, பல்லு ஆடுது” என்றாள்.

பூங்காவனம் அவள் வாயைப் பொத்தினாள்.

அதே நேரம் அரண்மனையில் என்ன நடந்தது தெரியுமா? சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த கோரதந்தன் இப்படிச் சாய்ந்தான், அப்படிச் சாய்ந்தான். “மந்திரி! ஏன் எனக்கு ஆடுகிறது?”

அறவாழியார் கண் சிமிட்டவில்லை. “சிம்மாசனத்துக்கு ஒரு கால் குட்டை, சக்கரவர்த்தி.”

தச்சர் வந்தார். நீளமாக இருந்த காலைச் சீவினார். மறுநாளும் ஆடியது. வேறொரு காலைச் சீவினார். அடுத்த நாளும் ஆடியது. இப்படி நாலு காலையும் மாற்றி மாற்றிச் சீவி, இருபது நாளில் சிம்மாசனம் மணைப்பலகை ஆகிவிட்டது. சக்கரவர்த்தி தரையோடு தரையாகச் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். அப்போதும் ஆடியது.

ஆவணி பிறந்தது. பல்லைப் பார்க்கிற நாளும் வந்தது. பகல் பதினொரு மணிக்குப் பல்லக்கில் வந்து இறங்கினான் கோரதந்தன். கூடவே அறவாழியார். செவந்தி கல்லின் காலடியில் நின்று, நாக்கால் பல்லை இடது பக்கம் தள்ளினாள். கோரதந்தன் இடது பக்கம் சாய்ந்தான். வலது பக்கம் தள்ளினாள். வலது பக்கம் சாய்ந்தான். செவந்திக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. முன்னால் தள்ளிப் பார்த்தாள். அவன் குனிந்து கும்பிடு போட்டான்.

“அம்மா! ஓடியாயேன்! நான் பல்லை ஆட்டினா இந்த மாமா ஆடுறாரு!”

பூங்காவனம் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

கெட்டவன் முட்டாள் இல்லையே. ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தான். செவந்தியின் வாய்க்குள் விரலை விட்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் பல்லை விழாமல் பிடித்துக்கொண்டான். பல் ஒரு நூல் அளவுதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பலகாரக்காரி, ஏன் இது ஆடுகிறது?”

இனி மறைத்து என்ன? “ஆறு வயசானா ஆடும் சாமி. எல்லாப் புள்ளைக்கும் ஆடும், எல்லாப் புள்ளைக்கும் விழும்.”

“எல்லாப் பிள்ளைக்குமா?”

“எல்லாப் புள்ளைக்கும்.”

“உனக்கு எப்போது தெரியும்?”

“நீங்க வெச்ச அன்னைக்கே.”

கோரதந்தன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். “அடிப் பாதகி! நல்லவள் என்று நம்பித்தானே உன் வீட்டில் வைத்தேன்!”

“நான் ஒரு பொய் சொல்லலையே சாமி. கேட்டதுக்கெல்லாம் உள்ளதைத்தான் சொன்னேன். இதை நீங்க கேக்கல.”

கோரதந்தன் யோசித்தான். உயிரை எடுத்து வேறு இடத்தில் வைக்க மூன்று நாள் ஜபம் வேண்டும். வேறு மந்திரம் போடலாம் என்றால் இரண்டு கையையும் தட்ட வேண்டும். ஒரு கையோ பிள்ளையின் வாயில். பல்லை விட்டால் உயிர் போச்சு. அவன் கண் முற்றத்துக் கல்லின்மேல் விழுந்தது. சிரித்தான்.

“மந்திரி! அதோ வெல்லக்கட்டி உடைக்கிற சம்மட்டி. எடு. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நில். இந்தப் பல் விழுந்ததோ, விழுகிற அந்த நொடியில் கல்லை நொறுக்கு. நொறுங்கிய கல் எந்த மந்திரம் முறிந்தாலும் மனுஷன் ஆகாது. என்ன பலகாரக்காரி, மூன்று நாள் என் ஜபம் முடிகிறவரை உன் மகள் வாயை ஆட்டாமல் பார்த்துக்கொள்கிறாயா, இல்லை புருஷனைக் கூடையில் அள்ளிக்கொள்கிறாயா?”

ஐயோ, அந்த நேரத்தில் பூங்காவனம் பட்ட பாடு! ஆறு வருஷமாக விழு, விழு என்று வேண்டிக்கொண்டிருந்தவள், இப்போது விழாதே, விழாதே என்று வேண்டினாள். செவந்தி வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றாள். எச்சில் வழிந்தது. கண் மட்டும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தும்மல் வந்தால் போச்சு. ஒரு விக்கல் வந்தால் போச்சு.

அறவாழியார் சம்மட்டியைத் தூக்கினார். கிழட்டுக் கை. சம்மட்டி தலைக்குமேலே தள்ளாடியது. கல்லுக்கும் மந்திரவாதிக்கும் நடுவில் ஓர் அடிதான் தூரம்.

“தாயி,” என்றார் மெதுவாக, “பாகு பதத்துக்கு வந்துடுச்சா?”

பூங்காவனம் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒருநாள் கத்தியோடு வந்த முகம். தொட்டிலில் குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட முகமும் அதுதான். இவரை நம்பலாமா? நம்பினால் புருஷன் வரலாம், நம்பிக் கெட்டால் கூடையில் அள்ள வேண்டியதுதான்.

“வந்துடுச்சு ஐயா” என்றாள்.

சம்மட்டி இறங்கியது. கல்மேல் அல்ல. கோரதந்தனின் கால் கட்டை விரல்மேல்!

“ஐயய்யோ!” என்று அவன் குதித்தான் பாருங்கள், ஓட்டு வீட்டு உயரம்! அவன் குதித்தபோது கையும் குதித்தது. கை குதித்தபோது விரல் குதித்தது. விரலோடு பல்லும் போனது. ஆறு வருஷம் ஊரே தொடமுடியாமல் இருந்த பல்லை, தன் கையாலேயே பிடுங்கிக்கொண்டு கீழே வந்து விழுந்தான் கோரதந்தன்.

“வலிக்கவே இல்ல!” என்றாள் செவந்தி.

பல்லிலிருந்து நீலப் புகை கிளம்பி அவன் மூக்குக்குள்ளேயே போனது. போனதுதான் தாமதம், அவன் வாயிலிருந்த பல்லெல்லாம் பொலபொலவென்று, முறத்தில் கொட்டிய மொச்சை மாதிரி உதிர்ந்தது. மந்திரம் மறந்தது. முதுகு வளைந்தது. பொக்கை வாயும் வீங்கிய கட்டை விரலுமாக ஒரு கிழவன் முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையையும் தட்டிப் பார்த்தான். “அக்கதா புக்கதா…” காற்றுதான் வந்தது.

அதே நேரம் அரண்மனை வாசலில் இடுப்பில் கயிற்றோடு ராஜா தொங்கிக்கொண்டு, “யாரங்கே! முதலில் என்னை இறக்குங்கள், பிறகு சந்தோஷப்படலாம்!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

தெரு கம்பும் தடியுமாகத் திரண்டு வந்தது. கோரதந்தன் நடுங்கிக்கொண்டு பல்லைக் கைக்குள் மூடிக்கொண்டான். செவந்தி அவன் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

“குடு. அது என் பல்லு.”

“எதற்கு?”

“சாணியில வெச்சுக் கூரைமேல போடணும். அப்பத்தான் வேற முளைக்கும்.”

“முளைக்குமா?” என்று கேட்டான் அவன். உலகத்துச் சுவடியெல்லாம் படித்தவன், கண்ணை விரித்துக்கொண்டு கேட்டான். “விழுந்தது முளைக்குமா? எனக்கும் முளைக்குமா?”

செவந்தி அவன் வாயைத் திறக்கச் சொல்லி, எட்டிப் பார்த்து, நகத்தால் ஈறைத் தட்டினாள். “உனக்கு முளைக்காது தாத்தா. உனக்குப் பெரிய பல்லே போயிடுச்சு.”

அவன் பல்லைக் கொடுத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். கம்போடு வந்தவர்களுக்குக் கை எழவில்லை. “என்ன தண்டனை கொடுக்கலாம்?” என்று கேட்டார் அறவாழியார்.

“இன்னைக்கு ஊருக்கெல்லாம் முறுக்கு சுடணும் ஐயா. மாவு இடிக்க ஆள் இல்ல. இவர் இடிக்கட்டும்” என்றாள் பூங்காவனம். “பசிச்சா கஞ்சி தரேன்.”

மாதுளம்பட்டணம் அன்று சாயங்காலம் போட்ட கடக்கு முடக்குச் சத்தம் இருக்கிறதே, ஏழு நாட்டுக்குக் கேட்டு, எங்கேயோ யுத்தம் நடக்கிறது என்று அவர்கள் கோட்டைக் கதவைச் சாத்திவிட்டார்கள். மாவு இடித்தவன் மட்டும் கஞ்சி குடித்தான்.

ஆனால் பூங்காவனம் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவள் முற்றத்துக் கல்லைப் பார்த்தபடி நின்றாள்.

காய் சட்டென்று மனுஷனாகிவிடும், கல் மெதுவாகத்தானே இளகும்? கருங்கல்லில் முதலில் கழுத்து வேர்த்தது. பிறகு விரல் மடங்கியது. ஆறு வருஷமாக ஓங்கியிருந்த கையை வேலப்பன் மெதுவாகக் கீழே இறக்கி, “அப்பாடா, தோள் கடுக்குதே” என்றான். பூங்காவனம் ஓடிப்போய் மார்பில் காதை வைத்தாள். லொடக் லொடக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை விட்டுக் காதை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“செவந்தி, வா, இதோ அப்பா” என்றாள்.

செவந்தி வரவில்லை. தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்குத் தெரிந்த அப்பா அசையமாட்டார், பேசமாட்டார், கண்ணைச் சிமிட்டமாட்டார். இவர் என்னவோ நடக்கிறார், மூச்சு விடுகிறார், அழவும் அழுகிறார்.

வேலப்பன் கிட்டே வராமல் அங்கேயே நின்றான். “எனக்குக் காய்ச்சல்னு தண்ணி ஊத்தினது நீதானே?”

தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது. “அசையாம நில்லுங்க” என்றாள் செவந்தி.

வேலப்பன் பழையபடி கையை ஓங்கிக்கொண்டு, கல்லாகவே நின்றான். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். செவந்தி வந்தாள். முட்டியைத் தொட்டுப் பார்த்தாள். கையைப் பிடித்து, வழக்கமான இடத்தில் காலை வைத்து, வழக்கமான தோளில் ஏறி உட்கார்ந்தாள். தோள் வெதுவெதுப்பாக இருந்தது. தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து, ஓட்டைப் பல் வழியாகக் காற்று வர, அவன் காதுக்குள் சொன்னாள்:

“இப்ப நடங்க.”

அவன் நடந்தான். தெருவைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, அவள் நிறுத்தச் சொல்லும்வரை நடப்பதாக ஏற்பாடு. அவள் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை என்றுதான் கேள்வி. அவர்கள் உங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் ஒரு முறுக்கு கொடுத்து அனுப்புங்கள்.